கருமாற்றத்துக்குப் பின் குதிரைகளில் சினை நிலைப்பது எதனால்?

கால்நடை மருத்துவ நண்பர்களுக்கும் குதிரை வளர்ப்போருக்கும் வணக்கம்.

2023 மே மாதம் பீகானேரில், தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில், ‘ராஜ் பிரதமா’ என்ற மார்வாரி இனக் குதிரைக்குட்டி கருமாற்ற முறையில், அதாவது ஒரு குதிரையின் கருவை எடுத்து இன்னொரு குதிரையின் கருப்பையில் வைக்கும் முறையில், வாடகைத்தாய்க் குதிரையின் வயிற்றில் வளர்ந்து பிறந்தது. இத்தகைய செய்தி வந்தால் எல்லோரும் கருவைத் தந்த கொடைக்குதிரையின் வம்சத்தையும் தந்தையான பொலிகுதிரையின் பெருமையையும் விசாரிக்கிறார்கள். சுமந்த குதிரை எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்பவர் அரிது. சினை நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கருவைப் பார்ப்போம். முட்டை வெளிப்பட்ட ஆறாம் நாள் வாக்கில்தான் குதிரையின் கரு கருப்பைக்குள் இறங்குகிறது. ஆகவே ஏழாம் அல்லது எட்டாம் நாளில் கருப்பையைக் கழுவி அதை எடுக்கிறோம். ஏழாம் நாளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் கரு, எட்டாம் நாளில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகிவிடும். கொடைக்குதிரைக்கு வயது ஏறினால் கரு கிடைப்பதும் குறையும். கிடைக்கும் கருவின் தரமும் தாழும். அதை மாற்றுவது நம் கையில் இல்லை.

வாடகைத்தாயைத் தேர்வது நம் கையில் இருக்கிறது. அவளுடைய முட்டை, கொடைக்குதிரையினுடையதற்கு ஒரு நாள் முன்பிலிருந்து மூன்று நாள் பின்பு வரையான இடைவெளியில் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள அளவு. பின்தங்குவதற்கு இத்தனை நாள் இடம் கொடுத்துவிட்டு, முந்துவதற்கு ஒரு நாள் மட்டும் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கரு பதினாறாம் நாள் வரை கருப்பை முழுவதும் உருண்டு திரிந்து, தான் இருப்பதைத் தாய்க்கு உணர்த்துகிறது. அந்தச் சேதி உரிய காலத்தில் சேராவிட்டால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, முட்டை வெளிப்பட்ட இடத்தில் உருவாகும் மஞ்சள் திரளை அழித்துவிடும், அத்திரள் சுரக்கும் சினை காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் சரியும், சினை போய்விடும். வாடகைத்தாயின் சினைச் சுழற்சி முந்தியிருந்தால் கருவுக்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்குகிறது. கருப்பையில் பெரிய நீர்க்கட்டிகள் இருந்தாலும் கருவின் நடமாட்டம் தடைப்படலாம்.

ஆகவே வாடகைத்தாயின் முட்டை வெளிப்பட்ட ஐந்தாம் நாள் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. மலக்குடல் வழியே தொட்டால் கருப்பை குழாய்போல் விறைப்பாகவும், கருப்பை வாய் இறுகி மூடியும் இருக்க வேண்டும். ஸ்கேனில் வீக்கமோ தேங்கிய நீரோ தெரிந்தால் அந்தக் குதிரை வேண்டாம்.

மாற்றுபவரின் கைத்தேர்ச்சியும் சிறிய விஷயமன்று. கருப்பை வாயில் நெடுநேரம் தடுமாறினால் அந்தத் தொல்லையாலேயே புரோஸ்டாகிளாண்டின் வெளிப்படும்; சுத்தம் குறைந்தால் கிருமி உள்ளே போகும். பந்தயக் குதிரையான தரோபிரெட் இனத்தில் இம்முறையில் பிறக்கும் குட்டியைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. போலோ குதிரைகளுக்குத் தடை இல்லாததால் அர்ஜென்டினாவில் இது பெரும் தொழிலாக வளர்ந்து, அங்கே தேர்ந்த கைகளும் ஏராளமாக உருவாகின.

மாற்றிய ஒரு வாரத்தில் ஸ்கேனில் கரு தெரிந்ததும் கொண்டாடிவிடுகிறோம். கரு அதன் பிறகும் கலையலாம். குறிப்பாக நாற்பதாம் நாள் வரை திரும்பத் திரும்பப் பார்ப்பது அவசியம். அதுவரை நெடும்பயணமும் தீவன மாற்றமும் வேண்டாம்.

உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐந்தாம் நாளில் மருத்துவர் உங்கள் வாடகைத்தாயை வேண்டாம் என்று ஒதுக்கினால் வருந்தாதீர்கள். ஒரு கொடைக்குதிரைக்கு இரண்டு மூன்று வாடகைத்தாய்களையாவது ஆயத்தமாக வைத்திருங்கள்.