ஒரு சிட்டிகை உப்பு காட்டிக்கொடுத்த ஒலிபெருக்கிப் பெட்டி

[திரையில்: பக்கவாட்டில் படுக்கவைத்த ஒலிபெருக்கிப் பெட்டி, பலகைமீது தூவிய பொடியுப்பு, கேமரா மிக அருகில்]

வணக்கம். திரையில் தெரிவது நானே அறுத்து ஒட்டிய ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கப் பலகை. அதன்மேல் கிடப்பது பொடியுப்பு. இப்போது 200 ஹெர்ட்ஸ் ஒலியைச் சற்று உரக்கவே செலுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. 300 ஹெர்ட்ஸிலும் உப்பு அசையாமல் கிடக்கிறது. 400ஐ நெருங்கியதும் நடுவிலிருந்த மணிகள் துள்ளித் துள்ளி ஓரங்களை நோக்கி ஓடுவதைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை இது, கட்டைவிரலால் அழுத்தினால் இம்மியும் வளையாது. ஆனாலும் பாடுகிறது.

உப்பு மணி பலகையை விட்டு மேலெழும்ப வேண்டுமானால், பலகையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை மிஞ்ச வேண்டும். 400 ஹெர்ட்ஸில் அதற்கு எவ்வளவு அசைவு தேவை என்று கணக்கிட்டால், நடுநிலையிலிருந்து இருபுறமும் வெறும் 1.5 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அசைவை உப்பு எட்டிப் பிடித்துவிட்டது. தகடுகளில் மணலைத் தூவி அதிர்வுக் கோலங்களைக் காட்டிய எர்ன்ஸ்ட் கிளாட்னியின் நூல் 1787இல் வெளிவந்தது. நான் செய்திருப்பது அதன் சமையலறைப் பதிப்பு.

பெட்டி ஏன் அதிர்கிறது என்ற பாடப்புத்தகப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: ஒலியை எழுப்பும் கூம்பான கோன் முன்னும் பின்னும் ஓடும்போது உள்ளே அடைபட்ட காற்று சுவர்களைத் தள்ளுகிறது, கோனைத் தள்ளும் விசையின் எதிர்விசை காந்தத்தின் வழியாக முன்பலகையைத் தள்ளுகிறது, இவ்விரண்டின் அதிர்வெண்ணும் பலகையின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும் இடத்தில் ஒத்ததிர்வு, அதாவது சிறு தள்ளலுக்கே பெரிதாக அதிரும் நிலை, எழுகிறது. அவ்வளவுதான்.

இதைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பரப்புக் கணக்கு. என் பெட்டியின் உள்ளளவு 40 சென்டிமீட்டர் உயரம், 25 ஆழம், 20 அகலம். அதாவது 20 லிட்டர். தாழ்ந்த ஒலிகளைத் தரும் 6.5 அங்குல வூஃபரின் பயன்படு பரப்பு ஏறத்தாழ 135 சதுர சென்டிமீட்டர். முன்பலகையை விட்டுவிட்டு மற்ற ஐந்து சுவர்களையும் கூட்டினால் 3,800 சதுர சென்டிமீட்டர் வருகிறது. கோனைப்போல் 28 மடங்கு. எல்லாச் சுவர்களும் ஒருசேர அசைவதில்லை என்பது உண்மையே. இருப்பினும் இவ்வளவு பெரிய பரப்பு மிகச் சிறிதளவு அசைந்தாலும் காதுக்குக் கேட்கும் என்பதை இந்த எண் உணர்த்தும்.

[திரையில்: கைப்பேசியைப் பெட்டியின்மேல் வைக்கும் காட்சி, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி]

இனி அளவீடு. கைப்பேசியில் அதிர்வுமானிச் செயலி இருக்கிறதே என்று கருத்துப் பெட்டியில் எழுதத் தொடங்கியவர்கள் தயவுசெய்து விரலை எடுங்கள். கைப்பேசியின் முடுக்கமானி பொதுவாக நொடிக்கு 100 முதல் 400 முறைதான் அளவெடுக்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை அதனால் சரியாகக் காட்ட இயலாது. 400 ஹெர்ட்ஸில் பாடும் பலகையை 200 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் கருவியால் அளப்பது வீண்வேலை.

எளிய வழி, பஸ்ஸர்களில் இருக்கும், வளைத்தால் மின்னழுத்தம் தரும் பீசோ வில்லை. அதை மெல்லிய இருபக்க ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டி, கணினியின் சவுண்டு கார்டில் இணைத்து, ரூம் ஈ.க்யூ. விஸார்டு என்ற இலவச மென்பொருளால் 20 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஏற்றிக்கொண்டே போய்ப் பதிவு செய்யலாம். இதில் ஒரு பொறி உண்டு. வில்லையின் மின்தேக்கம் ஏறத்தாழ 20 நானோஃபாரட். உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம் மட்டுமே உள்ள சவுண்டு கார்டில் நேரடியாகச் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும், நீங்களும் பெட்டி அருமையாக இருப்பதாக மகிழ்ந்துவிடுவீர்கள். கிதார் செருகும் உள்ளீடு போன்ற 1 மெகாஓம் உள்ளீட்டில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒட்டிய வில்லை முடுக்கத்தை அல்லாமல் பெரும்பாலும் பலகையின் வளைவையே உணர்வதால், அதன் அளவை ஒரே இடத்தில், ஒரே ஒலியளவில், முன்னும் பின்னும் ஒப்பிடுவதற்கு மட்டும் நம்புங்கள்.

உண்மையான முடுக்கமானி வேண்டுவோர் ஏ.டி.எக்ஸ்.எல். 335 சில்லை நாடுவார்கள். அதன் எக்ஸ், ஒய் அச்சுகள் 1,600 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். சில்லின் தளத்துக்குச் செங்குத்தான இசட் அச்சோ 550 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பலகையில் தட்டையாக ஒட்டினால் நமக்குக் கிடைப்பது அந்த இசட் அச்சுதான்; ஆகவே ஒரு சிறு மரக்கட்டையின் உதவியால் அதை நிமிர்த்தி ஒட்டுங்கள். மேலும், ஆயத்த மாட்யூலில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இருந்தால், அவை அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லையை 50 ஹெர்ட்ஸுக்கே குறுக்கிவிடும். அவற்றை மாற்றாமல் அளப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அளப்பதற்குச் சமம்.

இடமும் முக்கியம். பலகையின் நடுவில் ஒரு முறை, நடுவிலிருந்து விலகி மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இன்னொரு முறை அளந்து, இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இரண்டு இடங்கள் என்பது இப்போது விளங்கும். இந்தக் காணொளியை எடுத்ததே அடுத்த பகுதிக்காகத்தான்.

[திரையில்: ஒரே அளவுள்ள இரண்டு பலகைகள், ஒன்றில் குறுக்கே சட்டம், மற்றொன்றில் நெடுக்கே சட்டம்]

பலகையை விறைப்பாக்க உள்ளே ஒரு பிரேஸ், அதாவது தாங்குசட்டம், வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தத் திசையில் என்று கேட்டால் பெரும்பாலோர் குறுக்கே வைப்பார்கள். 40 சென்டிமீட்டர் நீளத்தை இரண்டு இருபதாக வெட்டுவது இயல்பான யோசனையாகத் தோன்றுகிறது, மரமும் குறைவாகவே செலவாகிறது. ஆனால் செவ்வகப் பலகையின் முதல் ஒத்ததிர்வு, ஒன்றை நீளத்தின் வர்க்கத்தாலும் ஒன்றை அகலத்தின் வர்க்கத்தாலும் வகுத்துக் கூட்டிய தொகையின் விகிதத்தில் ஏறுகிறது. ஓரங்கள் கீல்போல் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கொண்ட எளிய கணக்கு இது. இதன்படி குறுக்குச் சட்டம் 400 ஹெர்ட்ஸை 740 அளவுக்குத்தான் ஏற்றும். அதே சட்டத்தை நெடுக்கே, 25 சென்டிமீட்டர் அகலத்தை இரண்டாகப் பிளக்கும்படி ஒட்டினால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 1,260 ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது! முன்னது 1.8 மடங்கு, பின்னது 3.2 மடங்கு. பலகையின் விறைப்பைத் தீர்மானிப்பது அதன் குறுகிய பக்கம். நீண்ட பக்கத்தை எவ்வளவு நறுக்கினாலும் குறுகிய பக்கம் அப்படியே இருக்கிறது. இதை முதன்முதலில் கணக்கிட்ட நாளில், ஏற்கெனவே குறுக்குச் சட்டம் ஒட்டி முடித்திருந்த இரண்டு பெட்டிகளை நான் வெகுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. 1,260 என்ற எண் எங்கிருந்து வந்தது? சட்டமே இல்லாத பலகையிலும் அந்த அதிர்வு ஏற்கெனவே இருந்தது: பலகையின் ஒரு பாதி உள்ளே போகும்போது மறுபாதி வெளியே வரும் இரண்டாம் வகை அதிர்வு அது. அந்த அதிர்வில் நடுக்கோடு அசைவதே இல்லை. நாமோ சரியாக அந்த அசையாக் கோட்டில் சட்டத்தை ஒட்டியிருக்கிறோம். ஆகவே சட்டம் முதல் அதிர்வை மட்டும் வெளியேற்றிவிட்டு, இரண்டாமதற்குச் சாமரம் வீசிக்கொண்டு நிற்கிறது. நடுவில் மட்டும் அளந்தால் இந்த இரண்டாம் அதிர்வு கண்ணில் படாது என்பதால்தான் இரண்டு இடங்களில் அளக்கச் சொன்னேன். இதற்கான எளிய பரிகாரம், சட்டத்தை நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலக்கி ஒட்டுவது. இரு பாதிகளும் வெவ்வேறு அளவாகிவிட்டால் ஒரே சுருதியில் சேர்ந்து பாட முடியாது.

சட்டத்தைப் படுக்கவைத்து ஒட்டாதீர்கள். 2க்கு 4 சென்டிமீட்டர் சட்டத்தை நிமிர்த்தி ஒட்டினால் அதன் விறைப்பு படுக்கவைத்ததைவிட 4 மடங்கு.

ஆனால் விறைப்பு அதிர்வை வேறிடத்துக்கு விரட்டுகிறதேயன்றி அதன் ஆற்றலை விழுங்குவதில்லை. விழுங்குவதற்குத் தணிப்பு வேண்டும். அதைத்தான் நம்மில் பலர் தவறாகச் செய்கிறோம். கார்க் கதவுகளில் ஒட்டும் தார்ப்பட்டை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உலோகத் தகட்டில் அற்புதம் செய்யும். அதையே 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் ஒட்டினால், யானையின் முதுகில் ஈ உட்கார்ந்த கதைதான். மேலே ஒட்டும் படலம், பலகையின் விறைப்போடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால்தான் தணிப்பு நிகழும். இதை உணர்ந்தே 1970களில் பி.பி.சி. பொறியாளர்கள் எதிர்த்திசையில் சென்றார்கள்: அவர்களுடைய எல்.எஸ். 3/5ஏ ஒலிபெருக்கியின் சுவர்கள் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், உட்புறம் தார்ப்பட்டை. சுவர் மெலிந்து எடை கூடினால் அதிர்வெண் தாழ்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை அப்பியதும் சுருதி இறங்குவதைப் போல. அத்தோடு அதிர்வு விரைவாக அடங்கியும்விடுகிறது. பி.பி.சி.யின் ஹார்வுட், மேத்யூஸ் ஆகிய இருவரின் 1977ஆம் ஆண்டு அறிக்கை, பெட்டி வடிவமைப்பைப் பற்றி இன்றும் பேசப்படும் ஆவணம்.

என் விருப்பம் மூன்றாம் வழி: இரண்டு 9 மில்லிமீட்டர் பலகைகளுக்கு நடுவே, காய்ந்தபின்னும் ரப்பர்போல் நெகிழும் பசையைப் பரப்பி ஒட்டுவது. பலகைகள் வளையும்போது நடுப்படலம் சறுக்கி இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றுகிறது. சாதாரண மரப்பசை கல்லாக இறுகிவிடும் என்பதால் இதற்கு உதவாது. இரு பலகைகளையும் ஊடுருவும்படி திருகாணி முடுக்கினாலும் அந்தச் சறுக்கல் கெட்டுவிடும்.

பெட்டிக்குள் அடைக்கும் பஞ்சு, காற்றுக்கு மருந்தேயன்றிச் சுவருக்கு அன்று. 40 சென்டிமீட்டர் உயரத்தில் காற்றின் நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே எதிரொலித்துத் தேங்கும் அலை) 430 ஹெர்ட்ஸ் அளவில் எழும். என் பலகையின் 400க்கு வெகு அருகில். வரைபடத்தில் அங்கே முகடு தெரிந்தால் பஞ்சை அடைத்து மீண்டும் அளந்து பாருங்கள்: சரிந்தால் குற்றவாளி காற்று, அசையாவிட்டால் பலகை.

[திரையில்: மீண்டும் அதே பெட்டி, உள்ளே நெடுக்குச் சட்டம், பலகைமேல் புதிய உப்பு]

சட்டம் ஒட்டி ஒரு நாள் காயவிட்ட பிறகு, இதோ அதே ஒலியளவில் 400 ஹெர்ட்ஸ். உப்பு அசையவில்லை. ஆனால் 180 ஹெர்ட்ஸில் ஒரு கரகரப்பு கேட்கிறதல்லவா? அதைத் துரத்திக்கொண்டு அரைநாள் முழுவதும் வில்லையைச் சுவர் சுவராக ஒட்டி அளந்தேன். எந்தச் சுவரிலும் முகடு இல்லை. பிறகு வூஃபரைக் கழற்றிப் பார்த்தால், முனையத்துக்குச் செல்லும் வயர் தளர்ந்து தொங்கி, புதிய சட்டத்தின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு துண்டு நாடாவால் அதைக் கட்டினேன், கரகரப்பு நின்றது.