ரேழியில் மாட்டிய பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் அத்தை வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீண்டுகொண்டே போய்க் கொல்லையில் முடியும். இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர், மின் மீட்டருக்கு அருகில் ரேழியிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் ஆளுயர இரும்பு பீரோ. கடைசி அறையில் அமர்ந்து அலுவலகக் கூட்டத்தில் பேசும் மருமகளுக்குப் பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்துவிடும். “ஏதோ வைஃபை 7 வந்திருக்கிறதாமே, வாங்கிவிடலாமா?” என்று அத்தை கேட்டார்.

7 என்பது தலைமுறை எண். 802.11 என்று தொடங்கும் வாயில் நுழையாத பெயர்களை விட்டு 2018இல்தான் இப்படி எண் வைத்தார்கள். ஏழாம் தலைமுறைக் கருவிகளுக்குச் சான்றளிப்பது 2024 ஜனவரியில் தொடங்கியது.

இதில் என்ன புதிது? நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. பழைய வைஃபை முறைப்பாசனம் மாதிரி. ஒருவர் வயலுக்குத் தண்ணீர் பாயும்போது மற்றவர்கள் மண்வெட்டியோடு வரப்பில் காத்திருக்க வேண்டும்; பாய்வது ஒரு நாற்றங்காலுக்கு மட்டும் என்றாலும் வாய்க்கால் முழுவதும் அவருடையதுதான். ஆறாம் தலைமுறை அந்த வாய்க்காலைப் பிரித்து ஒரே நேரத்தில் பலருக்கு விடக் கற்றுக்கொண்டது. ஏழாம் தலைமுறையில் ஒரே வயலுக்கு ஆற்று வாய்க்காலும் போர்வெல்லும் சேர்ந்து பாய்கின்றன: ஒரு கைப்பேசி இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்தே பயன்படுத்தலாம், ஒன்றில் நெரிசல் என்றால் மற்றதில் தரவு போகும். வாய்க்காலின் அகலமும் 160 மெகாஹெர்ட்ஸிலிருந்து 320 ஆகிறது. என்னைக் கேட்டால், வேகத்தைவிட இந்தப் பங்கீடுதான் பெரிய விஷயம். விளம்பரங்களோ வேகத்தை மட்டுமே பேசுகின்றன.

ஆனால் மதகில் வரும் தண்ணீர்தானே வயலுக்கு வரும்? மாதச் சந்தாவில் கிடைக்கும் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் எந்த ரவுட்டரும் அதை 200 ஆக்காது. கைப்பேசியும் ஏழாம் தலைமுறையாக இருந்தால்தான் முழுப் பலன்.

இன்னொன்று சுவர். நீங்கள் கேட்கும் பண்பலை ஒலிபரப்பின் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12 சென்டிமீட்டர். அந்த 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கும் 6 கிகாஹெர்ட்ஸில் வெறும் 5. அதிர்வெண் ஏற ஏறச் சுவரைக் கடப்பது கடினம். அத்தை வீட்டுச் சுவரோ சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். இரும்பு பீரோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும்.

ஆகவே புதிய பெட்டி வாங்கவில்லை. பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கி, உத்தரத்தை ஒட்டி இழுத்து, பழைய ரவுட்டரையே கூடத்தில் முற்றத்தைப் பார்த்த தூணில் உயரமாக மாட்டினோம். முற்றம் வெட்டவெளி, அலைக்கு அங்கே தடையில்லை. அன்று சாயங்காலம் மருமகள் ஒன்றரை மணி நேரம் இடையறாமல் பேசினாள்.

அத்தைக்கு இப்போது வேறு கவலை. உத்தரத்தில் ஓடும் அணில் கேபிளைக் கடிக்குமா என்று தினமும் அண்ணாந்து பார்க்கிறார்.