அச்சாரம் வாங்கிய கொல்லர்

தலைவர் அவர்களே, அழைப்பு அனுப்பிய தாளாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பொறியாளர் பெருமக்களே, கட்டடக்கலை மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து ஸ்ட்ரோட்சி மாளிகையின் கல், இரும்பு இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

வங்கியாளர் பிலிப்போ ஸ்ட்ரோட்சி, சோதிடர் குறித்த வேளையில், 1489 ஆகஸ்ட் 6 அன்று கடைக்கால் போட்டார். 1491இல் காலமானார். பிள்ளைகள் கட்டி முடிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். 1538 வரை வேலை நடந்தது.

சுவரில் இருப்பது பியத்ராஃபோர்ட்டே என்னும் பழுப்பு மணற்கல். மூன்று தளத்திலும் முகம் உப்பிய கற்கள். இது அடுக்கடுக்காகப் படிந்த கல். பாறையில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் அடுக்குக்குள் தண்ணீர் இறங்கி, முகம் தகடு தகடாக உரியும்.

இரும்புக்கு வருவோம். மூலைகளில் உள்ள விளக்குக் கூண்டுகளைச் செய்தவர் நிக்கோலோ குரோசோ என்ற கொல்லர். 16ஆம் நூற்றாண்டில் கலைஞர் வரலாறு எழுதிய வசாரி சொல்லும் சேதி இது. நகரையே ஆட்டிவைத்த லொரென்சோ மெடிச்சி, வெளியூருக்குப் பரிசனுப்ப இரும்புச் சாமான் கேட்டுப் பட்டறைக்கே வந்தார். கொல்லர் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு முன்னால் ஏழைகள் வந்து முன்பணம் கொடுத்துவிட்டார்கள்; அவர்கள் காசும் உங்கள் காசும் எனக்கு ஒன்றுதான்" என்றாராம்! லொரென்சோ அவருக்கு 'அச்சாரம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார். கடைப்பலகையில் என்ன படம் தெரியுமா? எரிகிற புத்தகங்கள்! கடன் கேட்டு வந்தால், "கணக்குப் புத்தகம் எரிகிறது, எழுத இடமில்லை" என்பார். கையிலே காசு, வாயிலே தோசை!

பெரியோர்களே, நான் மேடைதோறும் கேட்பது இதுதான். பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கக் கல்தச்சரை அழைக்கிறோம். பில் பாஸாகும்வரை கூலி இல்லை. சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். அதுவரை அவர் எதைச் சாப்பிடுவார்? அவசரத்துக்குச் சிமெண்ட் பூசப்படுகிறது. சுவரின் ஈரம் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் கல் வழியே வருகிறது. கூடவே உப்பும் வந்து கல்லின் முகத்தைப் பொரித்துவிடுகிறது. கற்களைப் பிணைக்க உள்ளிருக்கும் இரும்புப் பிடி துருவேறிப் பருத்துக் கல்லையே பிளக்கிறது.

தாளாளர் அவர்களே, பொறியாளர் பெருமக்களே, உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: உளி எடுக்கும் நாளிலேயே கால்பங்கு முன்பணம், கல்தச்சர் கையில் நேராக. நன்றி, வணக்கம்.