தாய்மாமன் கணக்கில் வரமாட்டான்

வணக்கம். இன்று தட்டுவடை செட் கிடையாது, ஏற்காடு மலைப்பாதையும் கிடையாது. நேற்றிலிருந்து எரிச்சலில் இருக்கிறேன். அக்கா மகளுக்குப் பொறியியல் சேர்க்கை. போன வீடியோவில் கட் ஆஃப் மதிப்பெண்ணைச் சொல்லச் சொன்னதும் சமையலறைக்குள் ஓடினாளே, அவள்தான்.

நேற்று ஒரு சுயநிதிக் கல்லூரிக்குப் போனோம்; பெயர் வேண்டாம். கல்விக் கட்டணம் வருடம் 87,000 ரூபாய் என்றார்கள். சரி. அடுத்த வரியில் பஸ்ஸுக்கு 34,000! சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து போய்வர! மாதம் இருபது நாள், பத்து மாதம் என்று வைத்தாலும் நாளுக்கு 170 ரூபாய். நானும் கூடவே ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டேன்; மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரிக்கவில்லை. இதே பெண் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போனால் மகளிருக்குக் கட்டணமே இல்லை.

"இன்றே 10,000 கட்டினால் இடம் உறுதி" என்றார். கட்டவில்லை. ஏனென்றால் 87,000 என்பது நிர்வாக ஒதுக்கீட்டுக்கான, அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்துக்கான தொகை. 2017இல் கட்டணக் குழு வகுத்த கணக்கின்படி, அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்காரும் இன்னொரு பிள்ளை அரசு கவுன்சிலிங் வழியாக வந்திருந்தால் 55,000தான். தர அங்கீகாரம் பெறாத பாடப்பிரிவு என்றால் 50,000.

அதிலும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் 25,000 குறையும். கவுன்சிலிங் வழியாக வந்தவர்களுக்கு மட்டும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. நான் பி.காம் முடித்தவன், கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். தாய்மாமன் கணக்கில் வரமாட்டானாம்! கல்யாணம், காதுகுத்து எதிலும் என்னை விட்டுவைக்காத சொந்தம், இதில் மட்டும் விட்டுவிட்டது. நிம்மதி.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவள் ஒன்பதாம் வகுப்பில்தான் அரசுப் பள்ளிக்கு வந்தாள். அதற்கு முன் இருந்த தனியார் பள்ளியில் கட்டாயக் கல்விச் சட்ட ஒதுக்கீட்டில் இலவசமாகப் படித்திருந்தாலாவது தகுதி இருந்திருக்கும். கட்டணம் கட்டிப் படித்ததால் போயிற்று. அந்தப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது யார்? நான்தான். அக்கா நேற்று எனக்குக் குழம்பு ஊற்றிய விதத்திலேயே தெரிந்தது.

கல்விக் கடன் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். நான்கு லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். விரிவாக வேறொரு நாள்.

இப்போது அவசரம். 60 ரூபாய் கட்டி இ-சேவையில் போட்ட முதல் பட்டதாரி விண்ணப்பம் காலையில் திரும்பி வந்துவிட்டது. மாற்றுச் சான்றிதழின் படம் மங்கலாம். மொட்டைமாடி வெயிலில் வைத்து மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு இந்தக் கைப்பேசிதான் வேண்டும், அணைக்கிறேன்.