பாரில் பூட்டிய சின்ன சீற்

வணக்கம் உறவுகளே. மாலை ஐந்தரை மணி ஆகிறது. பண்ணைப் பாலத்து ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு உங்களோடு பேசுகிறேன். பின்னால் தூரத்தில் தெரிவது யாழ்ப்பாணக் கோட்டை. இரண்டு பக்கமும் கடல்நீரேரி. என் மகன் கமராவுக்கு இந்தப் பக்கம், என் காலடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து கச்சான் உரித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய முகத்தையோ பெயரையோ இந்தச் சேனலில் நான் காட்டுவதில்லை என்பது பழைய உறவுகளுக்குத் தெரியும். அவனுக்கு ஆறு வயது. தன் முகத்தை ஊருக்குக் காட்டுவதா வேண்டாமா என்று அவனே யோசித்துச் சொல்லும் வயது வரும்வரை, அந்த உரிமையை அவனுக்காக நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு உங்களுக்கு ஒரு சின்னப் பொருளைக் காட்ட வந்தேன். இதோ, சைக்கிள் பாரில் பூட்டியிருக்கும் இந்தச் சின்ன சீற்றைப் பாருங்கள். கறுப்பு ரெக்சின் ஒரு மூலையில் கிழிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் ஸ்பொஞ்ச் வெளியில் தெரிகிறது. அந்த ஓட்டையை அவன் தினமும் சுட்டுவிரலால் தோண்டித் தோண்டிப் பெரிதாக்கியிருக்கிறான். விரலின் அளவுக்குச் சரியாக ஒரு குழி விழுந்திருக்கிறது. மூன்று வயதில் அவனை முதன்முதலாக இதில் ஏற்றினேன். இப்போது அவன் காலை மடித்தால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கிறது, திருப்பங்களில் எனக்குச் சைக்கிளை வளைக்க முடியவில்லை. ஆகவே இன்றிரவு இதைக் கழற்றப்போகிறேன். கழற்றுவதற்கு முன், இந்தச் சீற்றைப் பற்றி ஒரு காணொளி எடுத்து வைக்க வேண்டும் என்று மனம் சொன்னது.

சைக்கிள் பாரில் பிள்ளையை வைத்து ஓடியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பிள்ளையின் உச்சந்தலை சரியாக நம்முடைய நாடிக்குக் கீழே வந்து நிற்கும். மிதிக்கும்போது நம் மூச்சு அவனுடைய தலைமயிரில் படும்; காலையில் தேங்காய் எண்ணெயும் திருநீறும் மணக்கும், மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வரும்போது வியர்வையும் சோக்குத் தூளும் மணக்கும். நம்முடைய இரண்டு கைகளும் ஹாண்டிலைப் பிடித்திருப்பதால் அவன் நம் கைகளுக்கு நடுவில், வேலி அடைத்த வளவுக்குள் நிற்பதுபோல இருப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. இரண்டு பேரும் ஒரே தெருவைத்தான் பார்த்துக்கொண்டு போகிறோம். வீட்டில் முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையெல்லாம் அவன் அங்கே இருந்துதான் கேட்பான். “அப்பா, நான் கூடாத பிள்ளையோ?” என்று ஒரு நாள் நல்லூர்க் கோயிலின் பின்வீதியால் வரும்போது கேட்டான். வகுப்பில் ஏதோ ஒரு சின்னச் சம்பவம். நான் வேகத்தைக் குறைத்து, கோயில் வீதியை இரண்டு முறை சுற்றி வந்தேன். முழுக் கதையும் வெளியில் வந்து முடிந்த பிறகுதான் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

நான் அரசாங்க உத்தியோகத்தன். அரச ஊழியர்களான தந்தையருக்குப் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று வேலைநாள் விடுமுறை உண்டு. அந்த மூன்று நாளில் நான் செய்தது, அவனைத் தூக்கப் பழகியது மட்டும்தான். நான்காம் நாள் அலுவலகத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது என் இடது முழங்கை தானாகவே மடிந்து, அவனுடைய தலையைத் தாங்குவதற்காகக் காத்திருந்தது. பிள்ளை வளர்ப்பு தாயின் உடம்பை மட்டும் மாற்றுவதில்லை என்பதைப் பிற்பாடு ஒரு கட்டுரையில் வாசித்தேன். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. தந்தையானவர்களின் உடலில் டெஸ்டொஸ்ரரோன் என்ற ஆண் ஹோர்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. அவர்களிலும், தினமும் மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்தது. இதை வாசித்தபோது எனக்கு மிகுந்த சந்தோசமாக இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு தீத்தி விடுகிற ஆணை ‘பெண்டுகள் வேலை செய்கிறான்’ என்று பேசும் வாய்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்த வேலைக்கு ஆணின் உடம்பும் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

என் அப்பா என்னை ஏற்றிய சைக்கிளும் இதுதான். பழைய றலி. ரயரும் செயினும் பலமுறை மாறிவிட்டன. சட்டமும் ஹாண்டிலும் அன்றையவை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிருந்தது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. அப்பா கேட்பார், நான் சுற்றுவேன். கை ஓய்ந்து நான் வேகத்தைக் குறைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அடங்கிப்போகும். அப்பா ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய கையை என் கைக்கு மேல் வைத்துச் சேர்ந்து சுற்றுவார்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, யுத்தம் நெருங்கி வந்ததால், யாழ்ப்பாண நகரும் நல்லூரும் அடங்கிய வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்களுக்கு அப்போது வீடு நல்லூர்ப் பக்கம். எனக்கு ஐந்து வயது. சைக்கிளின் பின் கரியலில் அரிசி மூட்டையும் ஒரு றங்குப் பெட்டியும் கட்டியிருந்தது, அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்தா, நான் பாரில் இருந்தேன். அந்த இரவு ஒருவராலும் சைக்கிள் ஓட முடியவில்லை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக்கணக்கான சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது; ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது; மழை வேறு. அப்பா ஒரு பொலித்தீன் தாளை என் தலையில் போர்த்திவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே குனிந்து, “ராசா, முன்னாலை தெரியிற லாம்புகளை எண்ணிச் சொல்லு பாப்பம்” என்றார்.

எனக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். சனத்தின் கைகளில் ஆடிக்கொண்டிருந்த அரிக்கன் லாம்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, நூறு வந்ததும் “அப்பா, நூறு” என்பேன். “சரி, ஒரு நூறு என்னட்டை இருக்கு, நீ திரும்ப ஒண்டிலை இருந்து தொடங்கு” என்பார். அடுத்த நூறையும் அவரிடம் கொடுப்பேன். எண்ணிக்கொண்டிருந்ததால் நான் சனத்தின் அழுகையைக் கேட்கவில்லை. அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியதைப் பெரியவனான பிறகு வாசித்து, என்ன நடந்தது என்பதை அறிந்து நடுங்கியிருக்கிறேன்; என் சொந்த ஞாபகத்தில் மட்டும் அது வெளிச்சங்கள் அசைந்த ஓர் இரவாக, அப்பாவின் நாடியிலிருந்து என் நெற்றிக்கு மழைநீர் சொட்டிய ஓர் இரவாக இருக்கிறது. சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அடுத்த வருடம் சித்திரை வாக்கில்தான் வீட்டுக்குத் திரும்பினோம்.

2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில், 24 ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது. பார்ப்பதற்கு அப்பாவும் நானும் ஸ்ரேசனுக்குப் போயிருந்தோம். அந்தச் சன நெரிசலுக்குள் நிற்கும்போது எனக்குத் திடீரென்று அந்த இரவு ஞாபகத்துக்கு வந்தது. “அப்பா, அண்டைக்கு லாம்பு எண்ணினனான், எத்தனை நூறு வந்தது?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடியே, “ஏழு. எட்டாவதிலை அறுபத்திரண்டோடை நித்திரையாப் போட்டாய்” என்றார்.

உறவுகளே, அந்த அறுபத்திரண்டு என்ற எண்ணை நான் இன்றுவரை நெஞ்சுக்குள் வைத்திருக்கிறேன். மனைவியும் கைக்குழந்தையும் பக்கத்தில் நனைந்துகொண்டு வர, வீடு போய்விட்டது, நாளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாத ஒரு மனிதர், ஐந்து வயதுப் பிள்ளை வாய்க்குள் முணுமுணுத்த ஒவ்வோர் எண்ணையும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அப்பா என்னிடம் ஒருநாளும் அன்பு என்ற சொல்லைச் சொன்னதில்லை.

என் மகன் பிறந்து ஐந்தாம் மாதத்தில் அப்பா காலமானார். ஆடி அமாவாசைக்கு விரதமிருந்து கீரிமலையில் தீர்த்தமாடுவது தகப்பனை இழந்தவர்களின் கடமை. நானும் வருடாவருடம் போகிறேன். கடந்த முறை மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் என் சேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன், “நீங்கள் வந்தது அப்பப்பாவுக்குத் தெரியுமோ?” என்று கேட்டான். “எனக்குத் தெரியாது ராசா, ஆனால் வராமல் இருக்க ஏலாது” என்றேன். அந்தப் பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என் பொக்கற்றில் தொலைபேசி அடித்தது. ஒரு கையை விட்டு அதை எடுத்தேன். அந்த நேரம் அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. முன்சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கி வெட்டித் திரும்பியதில் அவனுடைய கால் வழுக்கிக் கம்பிகளுக்குள் போய்விட்டது. சைக்கிள் அப்படியே நின்றது. குதிக்காலில் நான்கு தையல். மருந்து கட்டும்போது அவன் அழுதான்தான். என்னுடைய முகத்தைப் பார்த்ததும் அழுகையை நிற்பாட்டிவிட்டு, என் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்து, “அப்பா, எனக்கு நோகேல்லை, நீங்கள் அழாதேங்கோ” என்றான். அவனுக்கு நொந்தது. எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னான். அந்த உள்ளங்கையில் ரெக்சின் மணந்தது.

பிள்ளைகளைப் பாரில் ஏற்றும் தகப்பன்மாரிடம் இதனால் மன்றாடிக் கேட்கிறேன்: சீற்றோடு சேர்த்துக் கால் வைப்பதற்கு ஒரு மிதியைப் பூட்டுங்கள், குதிக்காலை மூடும் சப்பாத்து இல்லாமல் ஏற்றாதீர்கள், முன்சில்லின் பக்கத்தில் ஒரு மறைப்பு வையுங்கள். இதோ, இந்த மிதியையும், பிளாஸ்ரிக் வாளியை வெட்டிக் கட்டிய இந்த மறைப்பையும் நான் தையலுக்குப் பிறகுதான் பூட்டினேன். தொலைபேசியை இப்போது அவனுடைய புத்தகப் பைக்குள் போட்டுவிடுவேன். அடித்தால் அடித்துவிட்டு ஓயட்டும்.

போன காணொளிக்குக் கீழே, கடல் கடந்து வேலை செய்யும் ஒரு தம்பி எழுதியிருந்தார். மகனைக் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்க்கிறேன், இரண்டு நிமிடத்தில் அவன் விளையாட ஓடிவிடுகிறான் என்று. தம்பி, ஓடட்டும் விடுங்கள். அவன் நேற்றுச் சொன்னதை இன்றைக்கு ஞாபகமாகக் கேளுங்கள். பூனை குட்டி போட்டது என்று சொன்னால், அடுத்த நாள் எத்தனை குட்டி, எந்தக் குட்டிக்குக் கண் திறந்தது என்று கேளுங்கள். நான் அறிந்தவரை, தன்னுடைய பேச்சைத் தகப்பன் ஒரு நாள் முழுவதும் சுமந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை, மறுநாள் தானாகவே கதை சொல்ல ஓடி வரும். எங்கள் அப்பாமார் பயத்தால் பிள்ளையை வளர்த்தார்கள் என்று பலர் பெருமையாகப் பேசுகிறார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. என்னை வளர்த்தது அந்த ஏழு நூறும் அறுபத்திரண்டும்தான்.

வெளிச்சம் குறைகிறது. சீற்றைக் கழற்றினால் அவன் எங்கே இருப்பான் என்று கேட்பீர்கள். இரண்டு கிழமையாகக் கரியலில்தான் பழகுகிறான். அங்கே அவனுடைய தலை எனக்குத் தெரியாது, காற்றில் பேச்சும் பாதிதான் கேட்கிறது. முதல் இரண்டு நாளும் என் நெஞ்சுக்கு முன்னால் இருந்த இடம் வெறுமையாகி, ஏதோ ஒன்றை வீட்டில் மறந்துவிட்டு வந்தவனைப்போல மிதித்தேன். மூன்றாம் நாள் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். இன்றைக்கும் இங்கே வரும்போது கடலில் நிற்கும் கொக்குகளையும், வீதியில் எதிரே வந்த வாகனங்களையும், மின்கம்பங்களையும் கலந்து எண்ணிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு நூறுக்கும் என் முதுகில் விரலால் ஒரு தட்டு.

வரும்போது மூன்று தட்டு விழுந்தது. நாலாவதில் இருபத்தேழோடு இறங்கிக் கச்சான் வாங்கினோம். வீட்டுக்குப் போகும்போது இருபத்தெட்டிலிருந்து தொடங்க வேண்டுமாம். இதோ, சேட்டைப் பிடித்து இழுக்கிறான்.