இடம் மாறாததற்குக் கேபிள்

நேயர்களுக்கு வணக்கம்.

10 பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தின் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி என்று பார்ப்போம். 8 மேசைக் கணினிகள், ஒரு பிரிண்டர், இரண்டு மடிக்கணினிகள், எல்லார் கையிலும் கைபேசி. "வைஃபைதான் இருக்கிறதே, கேபிள் எதற்கு?" என்று கேட்பார்கள். இடம் மாறாத கருவிக்குக் கேபிள், கையோடு நகர்வதற்கு வைஃபை என்று பிரித்துவிடுங்கள். ஒரே வைஃபை சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருக்கும் கருவிகள் முறைவைத்துத்தான் பேச முடியும். ஒருவர் பெரிய கோப்பை இறக்கும்போது மற்றவர்கள் காத்திருப்பார்கள். கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அதில் கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும், அதாவது போர்ட்டுக்கும், தனிப்பாதை உண்டு. முக்கியமாக, கணக்கு மென்பொருளின் தரவு வேறொரு கணினியில் இருந்தால் அதை வைஃபை வழியே திறக்க வேண்டாம். எழுதும் நேரத்தில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலே கோப்பு கெட்டுப்போகலாம்.

மேசைக்கு இரண்டு கேபிள் இழுங்கள். சுவரைத் திறந்திருக்கும்போது இரண்டாவதை இழுப்பது எளிது, பிறகு கடினம். அப்படியென்றால் மேசைகளுக்கு 16 போர்ட், பிரிண்டர், ரவுட்டர், வைஃபை பெட்டி, கோப்புச் சேமிப்பகம் சேர்த்து 20. எனவே 24 போர்ட் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேக) சுவிட்ச் ஒன்று போதும்.

கேபிள் கேட்-6 என்ற தரத்தில், முழுச் செம்பாக இருக்கட்டும். கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். எளிதில் முறியும், கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போனால் சூடேறும். சுவிட்சிலிருந்து கணினி வரை மொத்தம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின் ஒயர் போகும் குழாயில் இதைச் சேர்த்துப் போடவே கூடாது.

கேபிளின் முனையில் பிளக்கை அடிக்கும்போதுதான் பெரும்பாலான கோளாறு பிறக்கிறது. உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய 8 கம்பிகள் இருக்கும், அவற்றின் வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். கிகாபிட் வேகத்துக்கு 4 ஜோடிகளும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடி சரியாகக் கடிக்காவிட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. இணையம் மந்தம் என்று புகார் செய்யும் முன், கணினியில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா எனப் பாருங்கள்.

அடுத்தது முகவரி, அதாவது இணைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண். ரவுட்டர் தானாகக் கொடுப்பது 192.168.1.100 முதல் 200 வரை இருக்கட்டும். பிரிண்டருக்கு அதற்கு வெளியே, 192.168.1.20 போன்ற நிலையான எண் கொடுங்கள். வரம்புக்குள் வைத்தால் என்றாவது இன்னொரு கணினிக்கும் அதே எண் போய், அச்சு நின்றுபோகும். சிக்னல் போதவில்லை என்று பழைய வைஃபை ரவுட்டரை யாராவது செருகுவார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கினால் பாதிப் பேருக்கு இணையம் கிடைக்காது. அதில் டிஹெச்சிபி என்ற, முகவரி கொடுக்கும் வசதியை அணைத்து, அதன் சொந்த முகவரியையும் மாற்றி, அதில் லேன் (LAN) என்று குறித்த போர்ட்டில்தான் கேபிளை இணைக்க வேண்டும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள்.

திடீரென்று எல்லாமே நின்று, சுவிட்சின் விளக்குகள் ஓயாமல் படபடவென்று மின்னினால், பெரும்பாலும் ஒரே கேபிளின் இரு முனையும் அதே சுவிட்சில் செருகப்பட்டிருக்கும். தகவல் சுற்றிச்சுற்றி வந்து பாதையை அடைத்துவிடும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் அகப்படும். சுழலைத் தடுக்கும் வசதியுள்ள சுவிட்சை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

விருந்தினருக்குத் தனி வைஃபை. ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ்.

கடைசியாகக் கோப்புகள். சேமிப்பகத்தில் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று நகலெடுத்தாலும் அது காப்பு நகல் ஆகாது. தவறுதலாக அழித்தது இரண்டிலும் அழியும். வெளி டிஸ்க் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும், மாட்டியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ் அதையும் பூட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.