பாம்புக்குள்ள ரெண்டு 'ப' இருக்குதுங்க

(கோபிசெட்டிபாளையம் பட்டிமன்றம். தலைப்பு: இங்கிலீஷில் தடுமாறும் பிள்ளைக்குக் கைகொடுப்பது வீட்டிலும் இங்கிலீஷா, வீட்டுத் தமிழா? 'வீட்டுத் தமிழே' அணியின் உரை.)

நடுவர் அய்யாவுக்கும், பாய் போட்டு உக்காந்திருக்கற தாய்மாருக்கும் வணக்கமுங்க.

எதிரணி அய்யா ஒண்ணு சொல்லிட்டுப் போனாருங்க. "கிணத்துல தள்ளி விட்டாத்தான் நீச்சல் வரும். வீட்டுக்குள்ளயும் இங்கிலீஷே பேசுங்க, பையன் தானா நீந்திக்குவான்"னாரு. நீங்களும் கைதட்டுனீங்க. ஏனுங்க, நம்மூர்ல பெத்த பிள்ளையை யாராச்சும் சும்மா தள்ளி விடுவாங்களா? காஞ்ச சொரப்புருடையை, அதாங்க தண்ணியில மிதக்கற சொரக்காய்க் கூட்டை, முதுகுல கட்டி, மேல ஒருத்தர் கயித்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் எறக்கி விடுவாங்க. இங்கிலீஷ் கிணத்துக்குத் தமிழ்தானுங்க அந்தப் புருடை. முழுகற பிள்ளைகிட்டப் போயி அதை அவுக்கச் சொல்றாங்க.

புருடை எப்படி மிதக்க வெக்கும்னு கேப்பாங்க. காட்டறேன்.

பிள்ளை தடுமாறற முதல் எடம் ஒலி. குண்டூசியும் 'பின்'னு, குப்பைத்தொட்டியும் 'பின்'னு. டிக்டேஷன்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டு, சிவப்பு மசியில வட்டம் வாங்கிட்டு வருவான். "காது கேக்கலையாடா"ன்னு ஒரு குட்டு வேற. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'ப'தானுங்க, அதனால அவனுக்கு வித்தியாசம் படலை. இப்ப அவனைப் 'பாம்பு'ன்னு மெதுவாச் சொல்லச் சொல்லுங்க, தொண்டையில ரெண்டு வெரலை வெச்சுக்கிட்டு. 'பா' தொடங்கறப்ப ஒதடு மூடியிருக்கும், தொண்டை சும்மா இருக்கும். ஒதடு தொறந்த பொறவுதான் அதிரும். 'ம்பு'வுல ஒதடு மூடியிருக்கும்போதே அதிர்வு ஓடிக்கிட்டிருக்கும். முதல் 'ப' பென்னோட எழுத்து, ரெண்டாவது 'ப' பஸ்ஸோட எழுத்து. 'கொங்கு'ன்னு சொல்லச் சொல்லுங்க: முதல்ல வர்றது கப்போட எழுத்து, அடுத்தது கால்பந்துல போடற கோலோட எழுத்து. மூணு வயசுலயே அவன் வாயில இருக்கற ஒலிங்க. அதுக்குத் தனித்தனி எழுத்து இருக்குதுன்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. இதை இங்கிலீஷ்லயே வெளக்குங்க பாக்கலாம்!

'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகறதும் மக்குத்தனமில்லைங்க. தமிழ்ல மெய்யெழுத்து சொல்லுக்கு முதல்ல வராது, அதனால நாக்கு முன்னால ஒரு 'இ' போட்டுக்குது. "தண்ணி ஊத்தறப்ப வர்ற மாதிரி ஸ்ஸ்ஸ்னு இழு, பொறவு கூல்னு சேரு"ன்னா ஒரு வாரத்துல சரியாகும்.

ரெண்டாவது எடம் வாக்கியம். "ஐ மார்க்கெட் டு கோயிங்"னு எழுதிட்டு வருவான். சிரிக்காதீங்க. "நான் சந்தைக்குப் போறேன்"கறதை அவன் வரிசை மாறாம எடுத்து வெச்சிருக்கறான். நாலு காகிதத் துண்டை எடுங்க. 'நான்', 'சந்தை', 'க்கு', 'போறேன்'னு எழுதுங்க. 'போறேன்' துண்டை 'நான்'கிட்ட நகத்துங்க. பின்னால ஒட்டியிருந்த 'க்கு'வைச் 'சந்தை'க்கு முன்னால கொண்டாந்து வைங்க. நான், போறேன், க்கு, சந்தை. இப்ப ஒவ்வொரு துண்டுக்குக் கீழயும் இங்கிலீஷ் சொல்லை எழுதச் சொல்லுங்க. 'மார்க்கெட்'டுக்கு முன்னால வர்ற 'த'வுக்கு நம்மகிட்டத் துண்டே இல்லை, அதனாலதான் அதை மறந்து மறந்து விடறான். அதுக்கு மட்டும் ஒரு செவப்புத் துண்டு வெட்டிக் குடுத்துருங்க.

எழுத்துக்கு நம்ம ஊர்ப் பலகையே போதுமுங்க. கோபிசெட்டிபாளையம் தமிழ்ல 9 எழுத்து, இங்கிலீஷ்ல 17. ஊர்ப் பேரு பிள்ளைக்கு மனப்பாடம். ஒலி தெரியும், எந்த எழுத்து எந்த ஒலிக்குன்னு மட்டும் தேடினாப் போதும்.

எதிரணிக்கு ஒண்ணை ஒத்துக்கறேனுங்க: கேக்காம எந்த மொழியும் வராது. தினம் ஒரே சின்ன இங்கிலீஷ் கதையைப் பத்து நிமிசம், அஞ்சு நாளைக்குத் திருப்பித் திருப்பிக் கேக்கட்டும். ஆனா தறிக்குடோன்ல இருந்து ராத்திரி எட்டு மணிக்கு வர்ற அப்பனும், ஓவர்லாக் மிசின்ல இருந்து எந்திரிச்சு வர்ற ஆத்தாளும் வீட்டுல என்ன இங்கிலீஷ் பேசுவாங்க? "கம், சிட், ஈட், ஸ்லீப்." அவ்வளவுதானுங்க. "கரண்ட் போனா தறி ஏம்ப்பா நிக்குது"ன்னு கேக்கற பிள்ளை, அதை இங்கிலீஷ்ல கேக்கத் தெரியாம வாயை மூடிக்குது. இங்கிலீஷும் வரலை, கேள்வியும் போச்சு.

அடுத்து அந்த 'பத்துத்தடவை எழுது'. நோட்டைத் தொறந்து பாருங்க. சொல்லை எழுதியிருக்க மாட்டான். முதல் எழுத்தை மேல இருந்து கீழ வரைக்கும் பத்து, அடுத்த எழுத்தைப் பத்துன்னு தூண் கட்டியிருப்பான். கை வலிச்சதுதான் மிச்சம். ஒரு நாளைக்கு அஞ்சு சொல்லு போதும். அடுத்த நாள், மூணாம் நாள், ஏழாம் நாள் பாக்காமச் சொல்லச் சொல்லுங்க. தப்பாச் சொன்னா வெரட்டாதீங்க. "ஹீ கோ"ன்னானா, "ஆமாங்கண்ணு, ஹீ கோஸ்"னு சரியாச் சொல்லிட்டுப் பேச்சைத் தொடருங்க.

எதுக்கு இத்தனை அவசரம்? கனடாவுல ஜிம் கம்மின்ஸ்னு ஒரு ஆய்வாளர், 1979-ல பேச்சுமொழி வேற, பாடப்புத்தக மொழி வேறன்னு பிரிச்சுக் காட்டுனாரு. குடியேறி வந்த பிள்ளைகளுக்குப் பேச்சு ரெண்டு வருசத்துல வந்துருதுங்க. புத்தக மொழிக்கு அஞ்சுல இருந்து ஏழு வருசமாகுது. நாம யூகேஜியிலயே ரிசல்ட் கேக்கறோம்.

இன்னொரு முக்கியமான சங்கதி. தடுமாற்றம் இங்கிலீஷ்லயா, படிப்புலயேவான்னு கண்டுபிடிக்கறதுக்கும் தமிழ்தான் வேணும். நாலாவது படிக்கற பிள்ளைகிட்ட ரெண்டாவது தமிழ்ப் புத்தகத்தைக் குடுங்க. கடகடன்னு படிச்சுக் கதையைச் சொன்னா, சிக்கல் இங்கிலீஷ்ல மட்டும். தமிழ்லயும் கொம்பு எடம் மாறுது, வரி தவறுதுன்னா டியூசனுக்கு ஓடாதீங்க. காதையும் கண்ணையும் முதல்ல காட்டுங்க. ரெண்டும் சரின்னா கற்றல் குறைபாடான்னு பாக்கோணும். 2016-ஆம் வருச மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே அதுக்கு எடம் இருக்குது. வீட்டுல தமிழே இல்லைன்னா எதை வெச்சுங்க பிரிச்சுப் பாப்பீங்க?

மணி அடிக்கறீங்க அய்யா, ஒரே நிமிசம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியாக்காரங்க, இந்திக்காரங்க பிள்ளைக நம்ம சர்க்காரு பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்குதுக. அதுகளுக்குத் தமிழ்தான் ரெண்டாம் மொழி. இந்தியில 'ப' வரிசைக்கு நாலு எழுத்து. நம்ம 'பாம்பு'வைப் பாத்துட்டு, "ஒரே எழுத்து, ரெண்டு சத்தம் ஏன்"னு அந்தப் புள்ள முழிக்குது. நம்ம பையன் பென்னுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல முழிக்கற அதே முழி, திசைதான் வேற. எதிரணிக்காரங்களே, அந்தப் புள்ளையோட அம்மாகிட்டப் போயி, "உங்க பேச்சை விட்டுருங்க, தெரிஞ்ச நாலு தமிழ்ச் சொல்லை வெச்சே பிள்ளையைக் கொஞ்சுங்க"ன்னு சொல்லுவீங்களா? அதுக்குப் பதில் சொல்லிட்டு உக்காருங்க.